சிவன் சொத்துக்குக் கணக்கெழுதுவோர்

சிவன் கோயில் பிரகாரத்தைச் சுற்றி வருகிறவர்கள் வடக்குப் பக்கத்தில், கோமுகிக்கு அருகே உள்ள சண்டிகேஸ்வரர் சந்நிதியில் நின்று இரு கைகளையும் மெல்லத் தட்டிவிட்டு நகர்வார்கள். "உன் ஆண்டவன் சொத்தில் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை" என்று கையைத் தட்டிக் காட்டுவதாகப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தால் இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நிர்வாக முறையே இருந்தது தெரியவரும். கோயிலுக்காக நிலம் வாங்குவது, கோயில் நிலத்தை விற்பது, கோயில் பணத்தைக் கடன் கொடுப்பது எல்லாம் ஆதிசண்டேஸ்வரர் என்ற இவர் பெயரில்தான் நடந்தன. பத்திரத்தில் இறைவன் கையெழுத்திட முடியாது. அவருக்காகக் கணக்கைப் பார்த்தவர் சண்டேஸ்வரர்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்கள் அந்தக் கணக்குப் பேரேடுகள். ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த காசு கோயிலில் முடங்கிக் கிடக்கவில்லை. ஊர்ச் சபைகள் அதைச் சண்டேஸ்வரரிடமிருந்து கடனாகப் பெற்று, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு முக்குறுணி நெல் வட்டியாக அளந்தன. காசுக்கு இரண்டு கலம் நெல் என்ற அன்றைய விலையில் அது 12.5 சதவீத வட்டி. நெல்லை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதையும் விடாமல் எழுதினார்கள்: ஆடவல்லான் என்னும் மரக்காலால்.

நிலக் கணக்கு இதைவிடக் கறாரானது. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் மொத்த அளவைச் சொல்லி, அதிலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு ஆகியவற்றின் பரப்பைக் கழித்து, மிச்சமுள்ள விளைநிலம் இவ்வளவு, அதிலிருந்து வர வேண்டிய நெல் இவ்வளவு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வேலி என்ற நில அளவின் மிகச் சிறிய பின்னம்கூட விடுபடவில்லை. எது கோயிலுடையது, எது இல்லை என்ற கேள்விக்கு இரண்டு பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்த ஆவணம் அது. இன்றைய கோயில் நில வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாததால் நடப்பவை.

சண்டேஸ்வரரின் அந்தப் பொறுப்பு இன்று தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத் துறையில் செயல் அலுவலர் என்ற பதவியில் இருப்பவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. துறையின் கீழ் 40,000க்கும் மேற்பட்ட கோயில்களும் மடங்களும் அறக்கட்டளைகளும் உள்ளன. அவற்றின் பெயரில் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம், 22,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள், 33,000க்கும் மேற்பட்ட மனைகள். இந்தியாவில் இவ்வளவு சிதறிய சொத்தை, இவ்வளவு வேறுபட்ட குத்தகைதாரர்களை வைத்துக்கொண்டு நிர்வகிக்கும் அமைப்புகள் மிகக் குறைவு. நன்செய், புன்செய், மானாவாரி, தென்னந்தோப்பு, பேருந்து நிலையம் எதிரே கடை வரிசை, மாட வீதியில் ஓட்டு வீடு, நகரத்தின் நடுவே பள்ளி மைதானம் எல்லாம் ஒரே பெயரில் வரும். அந்தப் பெயர் ஒரு தெய்வத்தின் பெயர்.

அதுவே இந்த வேலையின் முதல் சிக்கல். இந்தியச் சட்டத்தில் கோயில் மூர்த்தி சட்டப்படியான ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடரலாம். 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வங்காளக் குடும்ப வழக்கில் இதை விரிவாகப் பேசியது. ஆனால் அந்த நபர் என்றைக்கும் மைனர். மைனர் சொத்துக்கு ஒரு காப்பாளர் வேண்டும்; காப்பாளர் தவறினால் சொத்து போகும். பூசாரி, அறங்காவலர், மேலாளர் என்று யார் பெயரிலாவது பட்டா ஏறிவிட்டால் இரண்டு தலைமுறையில் அது அவர்கள் குடும்பச் சொத்தாகப் பேசப்படும். மத்தியப் பிரதேசப் பூசாரிகள் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகத் தீர்த்தது. உரிமையாளர் பத்தியில் தெய்வத்தின் பெயர்தான் இருக்க வேண்டும். பூசாரி உரிமையாளர் ஆக மாட்டார். மேலாளர் பெயரை வருவாய்ப் பதிவில் எழுதவும் தேவையில்லை.

ஒரு கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தப் பெரிய சட்டம் எவ்வளவு சிறிய மேசைக்கு வந்து சேர்கிறது என்று தெரியும். அங்கே முக்கியமான புத்தகம் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு. இடது ஓரத்தில் வரிசை எண். அடுத்து கட்டளையின் பெயர், கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, குத்தகைதாரர் பெயர். அதற்கப்பால் பழைய நிலுவை, நடப்புக் கேட்பு, மொத்தம், வசூல், மிச்சம். ஆண்டு என்று தலைப்பில் எழுதியிருப்பது பசலி ஆண்டு. ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30இல் முடிவது. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. அக்பர் காலத்து வருவாய்க் கணக்கில் பிறந்த ஆண்டுமுறை தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு புழங்கும் இடங்களில் ஒன்று இந்தப் பதிவேடு.

பெயர்ப் பத்தியைக் கவனித்துப் படித்தால் கதை விளங்கும். பழைய குத்தகைதாரர் இறந்து வருஷங்கள் ஆகியிருக்கும். கேட்பு இன்னும் அவர் பெயரிலேயே ஓடும். மகன் கட்டுகிறார், ரசீது அப்பா பெயரில். அல்லது மகன் சென்னைக்குப் போய்விட்டார், நிலத்தை உள்குத்தகைக்கு எடுத்தவர் உழுகிறார், அவருக்குக் கோயில் அலுவலகம் எந்தப் பக்கம் என்று தெரியாது. பெயர் மாற்றம் கேட்டு மனு கொடுத்தவர்களின் கோப்பு வாரிசுச் சான்றுக்காகக் காத்திருக்கும். இவை எதுவும் குற்றச் செயல்கள் இல்லை. ஆனால் குற்றம் நுழைவது இந்த இடைவெளியில்தான். கேட்புப் பதிவேட்டில் உள்ள பெயரும் நிலத்தில் நிற்கும் ஆளும் வேறாக இருக்கும்வரை, மூன்றாவதாக ஒருவர் போலிப் பத்திரத்தோடு வந்து நிற்பது எளிது.

பதிவேட்டின் இரண்டாவது பத்தி, கட்டளை, பலர் கண்ணில் படாது. படவேண்டும். இந்த நிலம் உச்சிக்கால பூஜைக்கு, இது திருவிளக்குக்கு, இது சித்திரைத் திருவிழாவின் ஆறாம் நாள் மண்டகப்படிக்கு, இது தேசாந்திரிகளுக்குச் சோறு போட என்று ஒவ்வொரு துண்டுக்கும் கொடுத்தவர் ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குத்தகை வராவிட்டால் நின்றுபோவது அந்த வேலை. வருமானமே இல்லாத கோயில்களில் ஒரு வேளை விளக்காவது எரிய வேண்டும் என்று அரசு ஒருகாலப் பூஜைத் திட்டத்தில் வைப்புநிதி போட்டு அதன் வட்டியில் பூஜை நடத்துகிறது. 2021இல் அந்தப் பட்டியலில் 12,959 கோயில்கள் இருந்தன. தானமாக வந்த நிலம் சரியாகக் குத்தகை கொடுத்திருந்தால் இவற்றில் எத்தனை கோயில்கள் அந்தப் பட்டியலுக்கு வந்திருக்காது என்ற கேள்வி வருத்தம் தருவது; தவிர்க்கக் கூடாதது.

நிலம் எப்படிக் கைவிட்டுப் போனது? "கொள்ளையடித்துவிட்டார்கள்" என்ற ஒற்றைச் சொல் மேடைக்குப் போதும், கணக்குக்குப் போதாது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூலம் கோயில் சொத்துகளின் மேற்பார்வையைத் தன் வருவாய் வாரியத்திடம் எடுத்துக்கொண்டது. கிறிஸ்தவ அரசு விக்கிரகக் கோயில்களை நடத்தலாமா என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பால் 1840களில் கையை விட்டது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களை உள்ளூர்க் குழுக்களிடமும் அறங்காவலர்களிடமும் ஒப்படைத்தது. அதிலிருந்து அடுத்த சட்டம் வரும்வரையிலான அறுபது ஆண்டு இடைவெளியில் பல கோயில்களின் சொத்து கேட்பாரற்றுக் கிடந்தது. நீதிக் கட்சி ஆட்சியில் பனகல் அரசர் கொண்டுவந்த இந்து சமய அறநிலையச் சட்டம் 1925இல் நிறைவேறி, 1927இல் மறுபடியும் இயற்றப்பட்டது. இன்றைய துறையின் வேர் அது. இப்போது நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம்.

இதற்கு நடுவே 1858இல் அமைந்த இனாம் கமிஷன், மாகாணம் முழுவதும் வரியில்லா நிலங்களை ஆய்ந்து, யாருக்கு, எதற்காக, யார் கொடுத்தது என்று இனாம் பதிவேடுகளில் எழுதி, உரிமைப் பட்டயங்களைக் கொடுத்தது. இன்றும் கோயில் நில வழக்கில் அறநிலையத் துறை வழக்கறிஞர் முதலில் தேடுவது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள இந்தப் பதிவேட்டின் நகலைத்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு குமாஸ்தா எழுதிய ஒரு வரி இன்றைக்கு ஒரு தெருவின் உரிமையைத் தீர்மானிக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. 1948லும் 1963லும் வந்த இந்தச் சட்டங்களின் கேள்வி எளிமையானது: கோயிலுக்கு மேல்வாரம் மட்டும் இருந்ததா, உழும் உரிமையான குடிவாரமும் இருந்ததா? இரண்டும் இருந்தால் கோயிலுக்கு ரயத்துவாரிப் பட்டா. மேல்வாரம் மட்டும் என்றால், அதாவது அரசுக்குச் சேரவேண்டிய வரியைத்தான் ராஜா கோயிலுக்கு எழுதிவைத்தார் என்றால், நிலம் உழுதவருக்கு. கோயிலுக்கு ஆண்டுதோறும் தஸ்திக் என்ற ஈட்டுத்தொகை. இது சரியான சட்டம். தலைமுறை தலைமுறையாக உழுதவன் கையில் நிலம் போனதைக் களவு என்று எழுதுவது நியாயமாகாது. ஆனால் பட்டாத் தீர்வு விசாரணையில் கோயில் சார்பில் யாரும் போய் நிற்காததால் குடிவாரம் இருந்த நிலமும் கைநழுவிய ஊர்கள் உண்டு. மைனருக்காகப் பேச வேண்டியவர் வராமல் போனார், நிலம் போனது.

அடுத்த பெரிய ஓட்டை 1980களில். நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டத்தில், ஊர் வழக்கில் யு.டி.ஆர். என்று சொல்வார்கள், கிராமக் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. அனுபவத்தில் இருந்தவர் பெயரைக் கேட்டு எழுதியதில் கோயில் பெயரில் இருந்த பல புல எண்கள் தனியார் பெயருக்கு மாறின. யு.டி.ஆர். பட்டாவை வைத்து விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் நடந்து முடிந்த பிறகு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்த வேண்டுமானால் மாவட்ட வருவாய் அலுவலர் முன் மேல்முறையீடு, கிராமத்தின் பழைய நிலக் கணக்கான அ-பதிவேட்டின் நகல், இனாம் பதிவேட்டு நகல், எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு, விசாரணை. ஒரு புல எண்ணுக்கு இத்தனை.

அறநிலையத் துறையின் 1984-85ஆம் ஆண்டுக் கொள்கை விளக்கக் குறிப்பில் 5.25 லட்சம் ஏக்கர் என்று இருந்தது, 2019-20 குறிப்பில் 4.78 லட்சம் ஏக்கர் ஆனது. நடுவில் 47,000 ஏக்கர் எங்கே என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு சட்டப்படி உழவருக்குப் போனது, எவ்வளவு அரசுத் தேவைக்கு எடுக்கப்பட்டது, எவ்வளவு பதிவுப் பிழை, எவ்வளவு அபகரிப்பு என்று புல எண் வாரியாகப் பிரித்துச் சொல்வதே முழுமையான பதில். அதற்குக் கிராமம் கிராமமாக உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கைகள் எத்தனை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நகரத்துச் சொத்தின் கதை வேறு. 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், மனையை வாடகைக்கு எடுத்துத் தன் செலவில் வீடு கட்டிக்கொண்டவரைக் காப்பதற்காக வந்தது. அதன் ஒன்பதாம் பிரிவின்படி, வெளியேற்ற வழக்கு வந்தால், மனையையே நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குத் தனக்கு விற்கும்படி குடியிருப்பவர் கேட்கலாம். ஏழைக்குப் பாதுகாப்பாக வந்த சட்டம், கோயிலின் நகர மனைகள் கைமாறுவதற்கும் வழியானது. 1996இல் சட்டத் திருத்தம் மூலம் சமய நிறுவனங்களின் மனைகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அதை எதிர்த்து மயிலாப்பூர் கிளப் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. எழுபத்தைந்து ஆண்டுகள் திறந்திருந்த ஒரு கதவு அத்தோடு மூடியது.

வாடகை எவ்வளவு என்ற கேள்வி மட்டும் மூடவில்லை. கோயில் மனைக்குச் சென்னை அலுவலகங்களில் 'பகுதி' என்று சொல்லும் அடிமனை வாடகை, பல இடங்களில் அரை நூற்றாண்டுக்கு முந்தைய தொகையில் நின்றுகொண்டிருந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஏ பிரிவு, இணை ஆணையர், கோயில் நிர்வாகி, பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் ஆகியோர் கொண்ட குழு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நியாய வாடகை நிர்ணயிக்க வேண்டும் என்கிறது. 2007இல் வந்த அரசாணை குடியிருப்புக்கு மாதம் மனை மதிப்பில் 0.1 சதவீதம், வணிகத்துக்கு 0.3 சதவீதம் என்று அளவு வைத்தது.

கேட்க மிகச் சிறிய எண்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிரவுண்ட், 2,400 சதுர அடி; சதுர அடி வழிகாட்டி மதிப்பு ரூ.5,000 என்றால் மனை மதிப்பு ரூ.1.2 கோடி. குடியிருப்பு வாடகை மாதம் ரூ.12,000, கடையென்றால் ரூ.36,000. அதே மனையில் நகைக்கடை இருந்தால் ரூ.36,000 அதிகமே இல்லை. வெளிச் சந்தையில் அதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். பூ கட்டி விற்கும் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கும் ஓட்டு வீடாக இருந்தால் ரூ.12,000 என்பது அவர்களை வெளியே போகச் சொல்வது. ஒரே சூத்திரம் இரண்டு இடத்திலும் பொருந்தாது. நிலுவைப் பட்டியலில் பெரிய தொகையாக நிற்பவற்றில் கணிசமான பகுதி, முன்தேதியிட்டு உயர்த்திய வாடகைக்கும் குடியிருப்பவர் கட்டிவந்த பழைய வாடகைக்கும் உள்ள வித்தியாசம். கட்ட வசதியிருந்தும் கட்டாதவர் யார், கட்டவே முடியாதவர் யார் என்று அந்தப் பட்டியல் பிரித்துக் காட்டாது. ஊர் தெரிந்த எழுத்தர் பிரித்துச் சொல்வார்.

கிராமத்திலும் இதே நிலைதான். டெல்டா மாவட்டங்களில் கோயில், மட நிலங்களை உழும் குத்தகை விவசாயிகளில் பலர் ஒன்றிரண்டு ஏக்கர்காரர்கள். தலித் குடும்பங்கள் ஏராளம். 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும் விளைச்சலில் உடைமையாளருக்கு 25 சதவீதம், உழுபவருக்கு 75 சதவீதம் என்று வைத்தன. நீண்ட விவசாயிகள் போராட்டங்களின் விளைவு அது. காவிரி வராமல், மழையும் பொய்த்த 2016-17இல் டெல்டா காய்ந்தது. அரசு மாநிலத்தையே வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தது. வயலில் ஒன்றும் விளையவில்லை. கேட்புப் பதிவேட்டில் மட்டும் அந்தப் பசலியின் கேட்பு விழுந்துவிடும். வஜா என்ற தள்ளுபடி கேட்டு மனு கொடுத்து, அது ஏற்கப்பட்டால்தான் தொகை குறையும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு 'பழைய நிலுவை' என்ற பத்திக்குப் போகும். மூன்று ஆண்டு இப்படிச் சேர்ந்தால் வருவாய் நீதிமன்றத்தில் வழக்கு.

உழுபவரை விரட்டுவதைத் திறமையான நிர்வாகம் என்று சொல்ல முடியாது. கோயில் நிலத்துக்கு மிகச் சிறந்த காவல், அதில் இறங்கி உழுது, தன் பெயரில் ரசீது வைத்திருக்கும் குத்தகைதாரர். ரசீது கொடுப்பவர் கோயிலை உரிமையாளராகவும், வாங்குபவர் தன்னைக் குத்தகைதாரராகவும் ஒப்புக்கொள்கிறார்கள். ரசீது நின்றுபோன நிலம்தான் முதலில் காணாமல் போகிறது. கோயில் நிலங்களில் நீண்ட நாள் குடியிருக்கும் ஏழைகளுக்குப் பட்டா வழங்க 2019 ஆகஸ்டில் 318ஆம் எண் அரசாணை வந்தது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தானம் கொடுத்தவரின் நோக்கத்தை அரசாணையால் கலைக்க முடியாது என்பது ஒரு பக்கம். மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே சட்டம் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறது: அவரை முறைப்படி வாடகைதாரராக ஏற்றுக்கொண்டு, கட்டக்கூடிய வாடகை நிர்ணயித்து, ரசீது கொடுப்பது. அதைச் செய்ய வீடு வீடாகப் போக வேண்டும். போவதற்கு ஆள் வேண்டும்.

ஆக்கிரமிப்பை எதிர்க்கச் சட்டத்தில் பற்றாக்குறை இல்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஆணையர் அனுமதியில்லாமல் விற்பனை, அடமானம், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் செல்லாது என்கிறது. அனுமதிக்கும் முன் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். 78ஆம் பிரிவில் இணை ஆணையரே விசாரித்து ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவிடலாம். 109ஆம் பிரிவு, கோயில் நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்பு இல்லை என்கிறது. எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அனுபவ பாத்தியம் கேட்க முடியாது. 2021இல் வந்த திருத்தம் ஆக்கிரமிப்பைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கியது. அதே ஆண்டு ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு கோயில்களைக் காக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதத்தை 2015இல் நீதிமன்றம் தானாக வழக்காக எடுத்துக்கொண்டதில் தொடங்கிய விசாரணை அது.

அதற்குப் பின் வேகம் கூடியதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 ஜூனில் சாலிகிராமத்தில் வடபழநி ஆண்டவர் கோயிலின் 5.5 ஏக்கர் மீட்கப்பட்டது, மதிப்பு ரூ.250 கோடி என்று அறிவிக்கப்பட்டது. அதே மாதம், வருவாய்த் துறையின் தமிழ்நிலம் மென்பொருளோடு ஒத்துப்போன 3.43 லட்சம் ஏக்கரின் விவரம் துறையின் இணையதளத்தில் ஏறியது. முழுவதும் ஒத்துப்போகும் இனங்கள், பகுதி ஒத்துப்போகும் இனங்கள், புதிய இனங்கள் என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். செப்டம்பரில் ரோவர் கருவி கொண்டு அளக்கும் பணி தொடங்கியது.

ரோவர் அளவை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஆளுயரக் கம்பத்தின் தலையில் வட்டமான ஒரு ஏற்பி. அது செயற்கைக்கோள் சமிக்ஞையையும் தரையில் உள்ள நிலையான குறிப்பு நிலையத்தின் திருத்தத்தையும் சேர்த்து வாங்கி, நிற்கும் புள்ளியைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லும். அளவர் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பு மூலைக்கு மூலை நடப்பார். திரையில் வரும் கோடும் புலப்படத்தின் கோடும் பொருந்தும் இடத்தில் துறையின் எழுத்து பொறித்த கல் நடப்படும். பொருந்தாத இடத்தில்தான் கூட்டம் கூடும்: பக்கத்து வயல்காரர், ஊராட்சித் தலைவர், கோயில் மணியக்காரர். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் ஒரு நாள் ஆன வேலை இப்போது சில மணி நேரம். 2023க்குள் இப்படி அளந்தது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. கல் நட்ட இடம் கோயிலுடையது என்பதில் இனிக் குழப்பம் வராது. அந்தக் கல்லுக்கு உள்ளே யார் உழுகிறார், என்ன கட்டுகிறார் என்பதைக் கருவி சொல்லாது.

இறுக்கிப் பிடிக்கும்போது மற்றவர் கையும் நசுங்கக்கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, கோயில் நிலம் என்று பட்டியலில் உள்ள புல எண்ணில் பத்திரம் பதிய மறுக்கச் சார்பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. நல்ல பாதுகாப்பு. ஆனால் ஒரு பெரிய புல எண்ணின் ஒரு உட்பிரிவு மட்டும் கோயிலுடையதாக இருந்து, பட்டியலில் முழு எண்ணும் ஏறிவிட்டால், பக்கத்தில் முறையாக வாங்கியவர் மகள் கல்யாணத்துக்குக்கூட விற்க முடியாமல் தடையின்மைச் சான்றுக்கு அலைவார். இப்படிப்பட்ட ஆட்சேபணைகளில் இரு தரப்பையும் விசாரித்துத்தான் சார்பதிவாளர் முடிவெடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. கோயிலின் பெயரால் தவறான உரிமை கோருவதும் கோயிலுக்குச் செய்யும் தீங்குதான். ஊர் மக்களைக் கோயில் அலுவலகத்துக்கு எதிரிகளாக்கும் தீங்கு.

அரசே எதிர்த்தரப்பில் நிற்கும் வழக்குகளும் உண்டு. கள்ளக்குறிச்சி புதிய மாவட்டமானபோது, ஆட்சியர் வளாகத்துக்கு வீரசோழபுரம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் ஏறத்தாழ 35 ஏக்கர் தேர்ந்தெடுக்கப்பட்டது. விலைக்கு எடுப்பதா, குத்தகைக்கா, யாரைக் கேட்டு என்று வழக்கு உயர் நீதிமன்றம் போனது. கோயில் நிலத்தைக் காக்க வேண்டிய அதிகாரியும் அதைக் கேட்கும் அதிகாரியும் ஒரே அரசின் ஊழியர்களாக இருக்கும்போது, காக்கும் பக்கத்தில் இருப்பவர் தன் குறிப்பை எவ்வளவு துணிவோடு எழுதுகிறார் என்பதே மைனருக்குக் கிடைக்கும் நியாயம்.

அப்படி எழுத வேண்டிய செயல் அலுவலர் எப்படித் தயாராகிறார்? அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் பொது அறிவோடு இந்து சமயம், சைவம், வைணவம் ஆகியவற்றில் கேள்விகள் வரும். வர வேண்டும்தான். ஆனால் பணியில் சேர்ந்த மறுநாள் மேசைக்கு வருவது அடங்கல் நகலும் வருவாய் நீதிமன்ற அழைப்பாணையும். நான்கெல்லை விவரமான செக்குபந்தி எழுதுவதை, யு.டி.ஆர். பிழையைக் கண்டுபிடிப்பதை, உள்வாடகையை மோப்பம் பிடிப்பதை அவர் பெரும்பாலும் ஒரு மூத்த எழுத்தரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிறார். அந்த எழுத்தர் ஓய்வு பெறும்போது பாதி நிலக் கணக்கு அவரோடு போகிறது. செயல் அலுவலருக்குச் சொந்தக் கோயிலோடு கூடுதல் பொறுப்பாக வேறு பல கோயில்களும் இருக்கும். திருவிழா, அன்னதானம், குடமுழுக்கு, முக்கியப் பிரமுகர் வருகை ஆகியவை எல்லோர் கண்ணிலும் படும் வேலைகள், தள்ளிப்போட முடியாது. புல எண்ணை ஒப்பிடும் வேலை நாளைக்கு என்று தள்ளிப்போகும். இந்த ஆண்டு தள்ளிப்போனதன் விலை இருபது ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் தெரியும்.

ஆகவே அடுத்த சட்டத் திருத்தத்தைவிட அவசரமானவை மூன்று. நிலம் வைத்திருக்கும் கோயில்களுக்கு, திருவிழா வேலை எதுவும் இல்லாத, நிலக் கணக்கு மட்டுமே பார்க்கும் பயிற்சி பெற்ற ஊழியர்களை வட்டம்தோறும் நியமிக்க வேண்டும். ஒவ்வொரு கோயிலின் கேட்பு, வசூல், நிலுவையும் ஆண்டுதோறும் கோயில் வாசலிலேயே ஒட்டப்பட வேண்டும். எந்த நிலம், எந்தக் கட்டளை, எவ்வளவு வந்தது என்று. மீட்ட நிலத்தை வேலி போட்டுச் சும்மா வைக்காமல், முதலில் அந்த ஊர் ஏழைக்குக் குத்தகைக்குக் கொடுத்து ரசீது எழுத வேண்டும்.

வாசகருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. அறநிலையத் துறை இணையதளத்தில் மாவட்டம், கோயில் பெயர் கொடுத்தால் அதன் நிலப் பட்டியல் வரும். உங்கள் ஊர்க் கோயிலின் பெயரைத் தேடிப் பாருங்கள். "இது சாமி நிலம்" என்று உங்கள் தாத்தா கைகாட்டிய வயல் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், புல எண்ணைக் கண்டுபிடித்து, அ-பதிவேட்டின் நகலோடு மண்டல இணை ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள். 109ஆம் பிரிவின்படி அதற்குக் காலம் கடந்துவிடவில்லை.